மலோனைப் பற்றி எழுதாதே

நியூயார்க்
12 அக்டோபர் 1958

அன்புள்ள தங்கை ஐவாவுக்கு,

நீயும் உன் கணவர் ஒர்வில்லும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உடனே கேக் சுட்டு ஊர் முழுக்கக் கொடுத்துவிடாதே. முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்.

'கடைசிப் படகு' என்ற புது இசை நாடகம். அதில் கிழப் படகோட்டிதான் கதாநாயகன். அந்த வேடத்துக்கு நான் மாற்று நடிகன். நாயகன் படுத்துக்கொண்டால் நான் ஏற வேண்டும். அவன் குத்துக்கல்லாக இருந்தால் நான் யாருமில்லை. அரங்கிலிருந்து பத்து நிமிட நடைக்குள் எங்காவது இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகையால் தினமும் மாலையில் எட்டாம் அவென்யூவில் ஒரு கிரேக்கரின் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைத் தொலைபேசி எண் அரங்கின் வாசல்காரரிடம் இருக்கிறது. இரண்டாம் பாகம் தொடங்கிய பிறகு வீட்டுக்குப் போகலாம். ஐம்பத்தொரு வயதில், இலக்கியத்தில் பட்டம் வாங்கியவனுக்கு, காத்திருப்பதற்குச் சம்பளம்.

நாயகன் யார் தெரியுமா? டெக்ஸ்டர் மலோன்.

பாஸ்டன் உனக்கு நினைவிருக்கும். பதினேழு வருடம் முன்பு, நியூயார்க்குக்கு வருமுன் அங்கே வெள்ளோட்டம் விட்ட அந்த நாடகத்தில் இரண்டாம் பாகத்துப் பாட்டு என்னுடையது. ஒரு வியாழக்கிழமை காலையில் ஒத்திகைக்குப் போனால் அதை மலோன் பாடிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை என் பாத்திரமே இல்லை. அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டால்தான் அவனை ஊர் அறியும்.

இப்போது அவனுக்கு இருமல் வருமா என்று காத்திருப்பதே என் பிழைப்பு. தொடக்க நாளன்றுகூட நான் உள்ளே போய் உட்காரவில்லை. அவன் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுது.

அண்ணன்
லேலண்ட்


கார்வர் கிரீக், ஓஹியோ
26 அக்டோபர் 1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேக் சுட்டாயிற்று. ஒர்வில் பாதியைத் தின்றாயிற்று. முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது.

'கடைசிப் படகு' பாட்டுப் புத்தகம் இங்கே கடைக்கு வந்துவிட்டது. வாங்கி வாசித்துப் பார்த்தேன். முதல் பாகத்தை முடிக்கும் அந்தப் பாட்டு, "விளக்கை அணைக்காதே", எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் நாலு வரிக்கு வாத்தியமே இல்லாமல் ஒற்றைக் குரலாகப் பாடவேண்டும் போலிருக்கிறதே! அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கப் போகும் வீடுகளுக்கெல்லாம் நம் இருவரையும் கூட்டிப் போய், "எந்தச் சுரம்டா இது?" என்று ரயில் ஊதுவதைக்கூடக் கேட்பாரே.

ஆனால் கடைசி வரியில் அந்த மேல் சுரம் ரொம்ப உயரம், ரொம்ப நீளம். உனக்கு இப்போது எப்படி வருகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். காபி மட்டும் குடித்துக்கொண்டிருக்காதே.

உன்
ஐவா


நியூயார்க்
18 ஜனவரி 1959

அன்புள்ள ஐவாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கழுத்துத் துண்டு வந்தது. நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. சளி, வேறொன்றும் இல்லை. அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாய் ராத்திரி முழுக்கக் காற்றைக் காயவைக்கிறது. தேனும் வெந்நீருமாக ஓட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மாற்று நடிகர்களுக்கு ஒத்திகை. வாத்தியக் குழு கிடையாது. அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஒரு கிழப் பியானோக்காரர், கால் உடைந்த ஒரு நாற்காலி, மேடை மேலாளர் ஃப்ரிட்ஸ். யாரும் முழுக் குரலில் பாடுவதில்லை. தொண்டையை மிச்சம் பிடிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். உச்ச சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்துவிட்டு நடப்போம். மலோன் அந்த நாலு வரியை எடுக்குமுன், மேடைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்காரும் குழிக்குள்ளிருந்து ஒரு புல்லாங்குழல் மெல்லச் சுருதி கொடுக்குமாம். எனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பியானோக்காரர் கை வைக்குமுன் நானே எடுப்பேன். பிறகு அவர் தட்டிப் பார்த்தால் இம்மியும் பிசகியிருக்காது. ஃப்ரிட்ஸ் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுகிறார். "உங்க உடம்புக்குள்ள என்ன சார், பியானோ வச்சுத் தச்சுட்டாங்களா?"

அப்பாவின் புண்ணியம். அவர் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். பியானோவை உனக்கல்லவா கொடுத்தார்.

ஒர்வில்லைக் கேட்டதாகச் சொல்.

லேலண்ட்


கார்வர் கிரீக்
2 பிப்ரவரி 1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி போயிற்றா? பியானோவை நீ எடுத்துக்கொள் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அறைக்குள் நுழையாது என்று நீதான் சொன்னாய்.

அக்டோபரில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மேல் சுரம் எப்படி வருகிறது?

மார்ச் கடைசியில் நியூயார்க் வருகிறேன். ஒர்வில் தன் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார். நாடகத்தைப் பார்க்க வேண்டும், உன்னையும்தான்.

ஐவா


நியூயார்க்
29 மார்ச் 1959

அன்புள்ள ஐவாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். பேருந்து நிலையத்தில் நான் கத்தியிருக்கக் கூடாது. பக்கத்தில் நின்ற கடற்படைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஆனால் நீயும் யோசித்துப் பார். காட்சி முடிந்து முகமெல்லாம் வெளிச்சமாக வருகிறாய். வந்ததும், "அண்ணா, அந்த மனுஷன் என்ன நடிப்பு தெரியுமா!" என்கிறாய். நான் வாயை மூடிக்கொண்டு உன் பெட்டியைத் தூக்கி வருகிறேன். பேருந்து கிளம்பும் நேரத்தில் மறுபடி, "மலோன் அந்தப் பாட்டைப் பாடுறாரே, அதுல ஒண்ணு..." என்று ஆரம்பிக்கிறாய். பதினேழு வருடமாக எல்லோரும் அவன் பாட்டைப் பற்றித்தான் என்னிடம் பேசுகிறார்கள். என் கூடப் பிறந்தவளுமா?

ஒரே ஒரு உதவி செய். இனி உன் கடிதத்தில் மலோனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

நீ கொண்டுவந்த ஊறுகாய் தீர்ந்துவிட்டது. நன்றாக இருந்தது.

லேலண்ட்


கார்வர் கிரீக்
20 ஏப்ரல் 1959

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஈஸ்டருக்குத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தேன். மழை பெய்கிறது.

நீ சொன்னபடி எழுதவில்லை.

ஐவா


நியூயார்க்
10 மே 1959

அன்புள்ள ஐவாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வதானால். உன் கோபம் எனக்குத் தெரியும். நம் வீட்டுச் சொத்தில் நமக்குச் சமமாகப் பங்கு வந்தது அது ஒன்றுதான்.

அதை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படி. ஜூன் 13, சனிக்கிழமை, மலோனின் மகளுக்குக் கலிஃபோர்னியாவில் கல்யாணம். பிற்பகல் காட்சி, இரவுக் காட்சி இரண்டிலும் நான்தான் படகோட்டி.

எட்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைப்பாய். ஐவா, அந்தச் சுரம் என்னிடம் இல்லை. ஜனவரிச் சளியோடு போயிற்று. சளி திரும்பிப் போயிற்று, சுரம் திரும்பி வரவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் முயன்று பார்க்கிறேன். பத்துக்கு ஒன்பது தடவை கதவுக் கீல் போலக் கிறீச்சிடுகிறது. பத்தாவது தடவை அதுவும் இல்லை. அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே தேன் போல வருகிறது. அதில் என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமை ஒத்திகையில் எல்லோரும் முணுமுணுப்பதால் யாருக்கும் தெரியாது.

நேற்று வாத்தியக் குழுவின் நடத்துநர் கார்மைன் என்னை நடைவழியில் நிறுத்தினார்.

"லேலண்ட், பதிமூணாம் தேதிக்கு உனக்கு ஏதாவது மாத்தணுமா? இப்பவே வாயத் திறந்து சொல்லிடுப்பா. எல்லா வாத்தியத்துக்கும் தாள் எழுதிக் குடுக்க ஆளு ரெண்டு நாள் கேப்பான்."

கேட்டிருக்கலாம். சுருதியை இறக்கிக்கொடு என்றால் கொடுத்திருப்பார். அன்று மாலைக்குள் அது மலோன் காதுக்குப் போயிருக்கும். லேலண்ட் புரூயிட்டுக்குத் தொண்டை போய்விட்டதாம், என் சுருதியில் பாட முடியவில்லையாம் என்று சிரித்திருப்பான்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம். அவன் எப்படிப் பாடுறானோ அப்படியே," என்றேன்.

"அப்படியேவா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்பாடா! எனக்கு ஒரு தலைவலி மிச்சம்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மேடையில் அது உடைந்தால் அதோடு சரி. கூலிக்குக் காத்திருக்கக்கூட இந்தத் தெருவில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். யாரிடமும் சொல்லாதே. ஒர்வில்லிடமும்.

லேலண்ட்


கார்வர் கிரீக்
18 மே 1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒர்வில்லிடம் சொல்லவில்லை. நீ இவ்வளவு கலங்குவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மார்ச்சில் நான் அரங்கில் உட்கார்ந்து கேட்டேனே. அந்தப் பாட்டு உனக்குச் சுலபமாகவே வரும். இதற்கு மேல் எழுதினால் நீ தடை போட்ட விஷயத்துக்குள் போக வேண்டியிருக்கும். போக மாட்டேன். நீ படிக்க மாட்டாய்.

13ஆம் தேதி பிற்பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கொஞ்சம் இஞ்சி மிட்டாய் இதோடு அனுப்புகிறேன், தொண்டைக்கு.

ஐவா


நியூயார்க்
4 ஜூன் 1959

ஐவா,

மிட்டாய்க்கு நன்றி. ஆறுதலுக்காகச் "சுலபம்" என்று எழுதாதே. நான் உன்னிடம் பியானோ கற்றுக்கொள்ள வரும் எட்டு வயதுப் பையன் இல்லை.

தூக்கம் இல்லை. நேற்று அதே சுரம் ஒரு தடவை வந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை முயன்றேன், பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

வராதே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடு.

லேலண்ட்


கார்வர் கிரீக்
16 ஜூன் 1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்திருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், பக்கவாட்டு வாசலில் ஃப்ரிட்ஸிடம் என் பெயரைச் சொல்லிக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் வந்தார். "அவர் முன்வாசல் வழியா, ஜனத்தோட ஜனமாப் போயிட்டாரும்மா," என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. எங்கே போனாய்? சாப்பிட்டாயா? இரவுக் காட்சி என்ன ஆயிற்று?

நீ பார்க்காததை எழுதுகிறேன். நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் "இன்று படகோட்டியாக நடிப்பவர் லேலண்ட் புரூயிட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் கூடமெங்கும் ஒரு முனகல். முன் வரிசையில் ரோஜாத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் சீட்டைப் புருஷன் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"என்னங்க இது, மலோன் இல்லையாம்! நாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்த டிக்கெட்டு!"

"உக்காருடி. பாட்டு அதே பாட்டுதானே."

"பாட்டுக்கா வந்தேன்? அந்த மூஞ்சிக்கு வந்தேன். யாரு இந்தப் புரூயிட்டு?"

"யாருக்குத் தெரியும்? முதலாளிக்கு மச்சான் கிச்சானா இருப்பான்."

குடையால் ஒரு குத்து விடலாமா என்றிருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பாட்டு. எல்லோரும் கரையேறிவிட்டார்கள், படகில் நீயும் எடுபிடியாக வரும் அந்தப் பையனும் மட்டும். நீ புல்லாங்குழலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தில் இருக்கும் பழைய சுருதியில் எடுத்தாய். வாத்தியக் குழு அந்தச் சுருதியில் வரப்போவதில்லை. நாலு வரிதான் இருக்கிறது. எழுந்து கத்தலாமா என்றுகூட நினைத்தேன். முதல் வரி, இரண்டாம் வரி... நீ எவ்வளவு நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாய், அண்ணா! அது இன்னும் கொடுமை. நாலாம் வரி முடிந்ததும் அவர்கள் ஒரு சுரம் கீழே வந்து இறங்கினார்கள். பாத்திர அலமாரி சரிந்தது போலிருந்தது.

கார்மைன் கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது. மாடியில் யாரோ சிரித்தார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் நீ அந்தப் பையனைப் பார்த்துப் பேசியது கேட்டது. "என்னடா பாக்குற? கெழவன் பாட்ட மறந்துட்டான்னு நெனச்சியா? இரு. ஆத்துச் சத்தம் கொஞ்சம் அடங்கட்டும்." கூடம் மொத்தமும் சிரித்தது, இந்தத் தடவை உன் பக்கம் நின்று சிரித்தது. நீ காத்திருந்தாய். புல்லாங்குழல் வந்தது. மறுபடி எடுத்தாய், அவர்களுடைய சுருதியில். கடைசிச் சுரம் முழுதாக, உருண்டையாக வந்து நின்றது. ரோஜாத் தொப்பி அழுதாள்.

இப்போது என் பங்கு. மார்ச்சிலேயே அவர்கள் ஒரு சுரம் இறக்கித்தான் வாசித்தார்கள். பேருந்து நிலையத்தில் நான் சொல்ல வந்தது அதுதான்: மலோனுக்கு மேல் சுரம் போய்விட்டது என்று. அங்கேயே வேலை செய்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். நீ மே மாதம் எழுதியபோதாவது தெளிவாகச் சொல்லியிருக்கலாம். நீ தடை போட்டாய், நான் வீம்பு பிடித்தேன்.

எழுது, அண்ணா.

ஐவா


கார்வர் கிரீக்
5 ஜூலை 1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரை வாசலிலேயே பிடித்துக் கேட்கிறேன். நீ தங்கியிருக்கும் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டால், "இருக்கார், வெளிய போயிருக்கார்" என்கிறார்கள். வேலை இருக்கிறதா, போயிற்றா? அதை மட்டுமாவது ஒரு அட்டையில் எழுதிப் போடு.

ஐவா


நியூயார்க்
19 ஜூலை 1959

அன்புள்ள ஐவாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். வேலையும் இருக்கிறது. இரவுக் காட்சி பிசகில்லாமல் நடந்தது. பத்திரிகையில் ஒரு வரி கிடையாது. மாற்று நடிகனைப் பார்க்க எந்த விமர்சகன் வருவான்?

உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு கார்மைன்மேல். அவர் கையை விரித்தார். "பிப்ரவரியிலேயே எறக்கிட்டோமேய்யா! 'அவன் எப்படிப் பாடுறானோ அப்படியே'ன்னு நீதானே சொன்னே?" வெள்ளிக்கிழமைப் பியானோக்காரருக்குப் புதுத் தாள் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கேதான் யாரும் பாடுவதில்லையே. எல்லோர்மேலும் கோபப்பட்டு முடித்தபின் கோபப்பட ஆளில்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

போன வாரம் காபிக் கடைக்கு மலோன் வந்தான். பிற்பகல் காட்சி முடிந்து, முகப்பூச்சுக்கூடச் சரியாகத் துடைக்காமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினேழு வருடத்தில் முதல் பேச்சு.

"கார்மைன் சொன்னான். நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீ கேட்டிருப்பியே. தெனமும் பின்னால நின்னு கேக்குறியே."

"நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இந்த நாற்காலியிலதான் இருப்பேன்."

அவன் கடைக்காரரைப் பார்த்தான். "ஆமா சார். ஒரு காபி வாங்கி மூணு மணி நேரம் ஒக்காருவாரு," என்றார் அந்தப் படுபாவி.

மலோன் சிரிக்கவில்லை. "பிப்ரவரியில என் தொண்டை போச்சு. அன்னிலேருந்து நீ இருட்டுல எங்கயோ நின்னு, இன்னிக்கு விழுவானா நாளைக்கு விழுவானான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்னு நெனச்சுத்தான் பாடுறேன். மக கல்யாணத்துல சாப்பாடு எறங்கல. நீ பழைய சுருதியில பாடிக் காட்டிடுவேன்னு பயம்."

"பாடிக் காட்டப் பாத்தேன். நாலு வரி," என்றேன்.

"கடைசி வரி? அந்த மேல் சுரம்?"

"எங்கிட்டயும் இல்ல."

என் தட்டில் இருந்த வறுத்த ரொட்டியில் பாதியைக் கேட்காமலே எடுத்துத் தின்றான். பாஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மறக்கவும் இல்லை. எழுந்து போகும்போது, "ராத்திரி வா. எங்க நிக்கிறேன்னு மட்டும் சொல்லிடு," என்றான்.

போனேன். ஃப்ரிட்ஸிடம் சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நாலு வரிக்கு முன்னால் அவன் தலையை லேசாகக் குழிப் பக்கம் சாய்த்து, புல்லாங்குழலுக்காகக் காத்திருந்தான், கண் தெரியாதவன் சுவரைத் தேடுவது போல. கடைசிச் சுரம் வரும்வரை என் கை கம்பியை விடவில்லை. அது வந்தது. கொஞ்சம் ஆடியது, ஆனால் வந்தது. நடிப்பு நீ சொன்னபடிதான் இருக்கிறது.

உன் முழங்காலைப் பற்றி நீ எழுதி ரொம்ப நாளாயிற்று. எழுது. நீ மார்ச்சில் பார்த்தபோது அந்த இடத்தில் எப்படிப் பாடினான், இதைவிட நன்றாகவா, மோசமாகவா? ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுது. இனி அவனைப் பற்றி எழுதலாம்.

அண்ணன்
லேலண்ட்